பேரைச் சொல்லேல்லைத்தானே

...பேரை நான் சொல்லவில்லையே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், என் பக்கத்தில் பலமான இடம் அதுதான் என்று றஜீபன் மறுபடியும் தீர்மானித்துக்கொண்டபோது போட் குறிகட்டுவான் துறையை விட்டு விலகிவிட்டிருந்தது. அஞ்சலா, நான் உம்மடை பேரைச் சொல்லேல்லை... இல்லை, இப்படித் தொடங்கினால் வழக்குப் பேச வந்தவன்போல இருக்கும், முதலில் சுகம் கேட்க வேண்டும், சாப்பிட்டீரோ என்று கேட்கலாம். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் ஒரு கிழமையாக இருக்கிற மனைவியிடம் சாப்பிட்டீரோ என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள், இல்லை, பட்டினி கிடக்கிறன் என்றா சொல்வாள்? நெடுந்தீவில் மாமனார் பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டில் பட்டினி கிடக்க ஒருவராலும் ஏலாது, அந்த வீட்டுப் பூனைகூட விளைமீனை மணந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போகிற பூனை. அப்படியென்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே விசயத்துக்கு வரலாம், வந்தால், விசயம் என்ன? பின்னேர போட்டில் அவள் தன்னோடு நாரந்தனைக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் விசயம், அதற்கு வாயைத் திறந்தால் பேரைச் சொல்லவில்லையே என்பதுதான் முதலில் வந்து நிற்கிறது, கூட்டத்தில் முன்வரிசைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிற ஆளைப்போல.

எதிரில் இரண்டு புண்ணாக்கு மூட்டைகளைக் காலால் அணைத்தபடி ஆழ்வாப்பிள்ளை இருந்தார், நெடுந்தீவில் மாடு வளர்க்கிறவர், மாமனாரின் வீட்டுக்கு இரண்டு கல்மதில் தள்ளி வளவு. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் காது மூடியிருக்காது, தீவார் யாருடைய காதும் போட்டில் மூடியிருந்ததாக வரலாறு இல்லை. கண்ணை அவர் திறந்தால் எங்கே தம்பி பயணம் என்று கேட்பார், நெடுந்தீவுக்குப் போகிற போட்டில் இருக்கிறவனிடம் எங்கே பயணம் என்று கேட்பதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஆகவே றஜீபன் போனை எடுத்து, வேலை இருக்கிற மனிதனுடைய முகத்தை வைத்துக்கொண்டான். பொய்முகம் இல்லை, வேலை உண்மையிலேயே இருந்தது. ஒஸ்லோவில் இருக்கிற அவனுடைய வேலைத் தலைவி காலையில்தான் எழுதியிருந்தாள், இன்று பின்னேரத்துக்குள் பிழையைக் கண்டுபிடி, இல்லாவிட்டால் நீ செய்ததைக் கழற்றிவிடுவோம் என்று, அதை மிகவும் மரியாதையாக, நடுவில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டு எழுதியிருந்தாள், நோர்வேக்காரர் சிரித்த முகத்தோடுதான் கழுத்தைப் பிடிப்பார்கள் போலும். பின்னேரம், அதுவும் பின்னேரம், எல்லாருக்கும் இன்று பின்னேரந்தான் வேண்டியிருக்கிறது.

அவன் செய்கிற வேலை கொம்பைலர் வேலை. மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரம் விளங்கிக்கொள்ளும்படி மாற்றிக் கொடுக்கிற நிரல் என்று அம்மாவுக்கு விளக்கியிருக்கிறான், மொழிபெயர்ப்போ என்று அம்மா கேட்டாள், ஓம் என்று விட்டுவிட்டான், அதிலிருந்து நாரந்தனையில் யாருக்கு விசாக் கடிதம் வந்தாலும் அவனிடம்தான் மொழிபெயர்க்க வரும். அதிலும் இவனுடைய பங்கு, ஆயிரக்கணக்கான சின்ன வேலையாட்கள் ஒரே நேரத்தில் ஒரே நிரலை ஓட்டுகிற ஒரு கணினிச் சில்லுக்காக. அந்த வேலையாட்களுக்குத் திரெட் என்று பேர். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனக்கென்று ஒரு மடி உண்டு, மடியில் வைத்ததை உடனே எடுக்கலாம். ஒரு குழுவுக்கு ஒரு பொது மேசை உண்டு. பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய களஞ்சியம், தூரத்தில், போய் எடுத்து வரப் பொழுது போய்விடும். எந்தப் பொருள் மடியில் இருக்க வேண்டும், எது மேசையில், எது களஞ்சியத்தில் என்று தீர்மானிப்பது கொம்பைலர். சரி, இதில் என்ன பெரிய வித்தை என்றால், எல்லாவற்றுக்கும் எண்தான் முகவரி, அந்த எண் எந்த இடத்து எண் என்று கூடவே ஓர் அடையாளமும் வர வேண்டும். வராவிட்டால்? உங்களுடைய குசினியில் மூன்றாம் தட்டில் சீனி இருக்கிறது, மூன்றாம் தட்டில் என்று மட்டும் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னால் அவள் தன்னுடைய குசினி மூன்றாம் தட்டில் கையை விட்டு உப்பை எடுத்துத் தேத்தண்ணியில் போடுவாள், குடித்த பிறகு உங்களைத்தான் பேசுவாள். இதை அஞ்சலாவுக்குச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்... அது கலியாணமான புதிதில்.

இரண்டு மாதத்துக்கு முன் றஜீபன் ஒரு கெட்டித்தனம் செய்தான். களஞ்சியத்தில் வீணாக வைத்திருக்கிற பொருட்களில், மற்றத் திரெட்கள் யாரும் எட்டிப் பார்க்காதவை எவை என்று கண்டுபிடித்து, அவற்றை உரியவனின் மடிக்கே திருப்பி விடுகிற ஒரு படி. இது உன் சொந்தச் சாமான், வேறு ஒருவருக்கும் தெரியாது, மடியில் வைத்துக்கொள்... அவ்வளவுதான். நிரல்கள் பறந்தன, ஒஸ்லோவில் கைதட்டினார்கள், தலைவி அன்றைக்கும் ஒரு சிரித்த முகம் அனுப்பினாள். பிறகு, கடல் நிலவரம் கணிக்கிற ஒரு வாடிக்கையாளரின் நிரல், அலையின் உயரம் பூச்சியத்துக்குக் கீழே எண்ணூறு மீற்றர் என்று சொல்லத் தொடங்கியது. பூச்சியத்துக்குக் கீழே அலையென்றால் அது அலையா, கிணறா? அவனுடைய படிதான் காரணம் என்று பிடித்துவிட்டார்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்று அவன் மடிக்கு அனுப்பிய ஏதோ ஒன்றை மற்றவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள், எப்படிப் பார்த்தார்கள்? முகவரி வெளியே போகிற வழியெல்லாம் அவன் அடைத்திருந்தான், ஒவ்வொரு கதவாகப் போய்ப் பார்த்திருந்தான். போனில் இறக்கி வைத்திருந்த நிரலைப் பெருவிரலால் மேலும் கீழும் தள்ளினான், போட்டும் மேலும் கீழும் போனது, சோழகக் காற்று, நயினாதீவுக் கோபுரம் ஒருமுறை யன்னலில் தெரிந்தது, மறுமுறை தெரியவில்லை.

கடலென்றால் அஞ்சலாவுக்குப் பயம். இதைத்தான் அவள் அவனுக்குச் சொன்னாள், அவனுக்கு மட்டும், ஒரு மத்தியானம், கறிக்கு இறால் உடைத்துக்கொண்டிருந்தபோது. நெடுந்தீவுக்காரி, மூன்று தலைமுறையாகக் கடலில் கிடக்கிற குடும்பம், தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை புயலில் தனியே படகைக் கொண்டுவந்து சேர்த்த மனிதர், அவருடைய மகளுக்குப் போட்டில் ஏறினால் வயிறு கலங்கிச் சத்தி வருகிறது, நெஞ்சு அடிக்கிறது, சின்ன வயதிலிருந்தே. பள்ளிக்கூடப் பயணமென்றால் தலையிடி என்று படுத்துவிடுவாளாம், யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தபோது விடுதலை நாட்களில் வீட்டுக்குப் போகாமல் சோதினை சோதினை என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம், அதனால்தான் அவ்வளவு நன்றாகப் படித்தேன் என்று சிரித்தாள். சிரித்துவிட்டு இறாலைப் பார்த்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரிஞ்சால் செத்துப்போவார் என்றாள். றஜீபனுக்கு நெஞ்சு விம்மிப் போனது, உண்மையாகவே, இவ்வளவு பெரிய பொருளைத் தூக்கித் தன் மடியில் போட்டுவிட்டாளே என்று. சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும், ஆனால் அந்த நுணலுக்காவது நல்லது செய்கிறேன் என்ற எண்ணம் இருந்திருக்காது, இவனுக்கு இருந்தது, அதுதான் வினை.

அஞ்சலாவின் தம்பிக்குக் கலியாணம் வருகிறது, நெடுந்தீவுக்கு நாலைந்து தரம் போய்வர வேண்டும், ஏதாவது கைமருந்து இருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டான். பேரைச் சொல்லவில்லை! இதைச் சிலுவையில் கையை வைத்துச் சொல்வான். அம்மா, ஒரு ஆளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாட்டி என்ன செய்யிறது என்றுதான் கேட்டான். ஒரு ஆள். யாரோ ஒரு ஆள், கொழும்பில் கூட வேலை செய்கிற ஆளாக இருக்கலாம், ஒஸ்லோத் தலைவியாகக்கூட இருக்கலாம். அம்மா சின்னத்தங்கம் அரிவாளில் பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. “ஆருக்கடா, அஞ்சலாவுக்கோ?” என்றாள். அவன் பேசாமல் நின்றான். பேசாமல் நிற்பது பேர் சொல்வதாகுமா? ஆகாது, எந்த நீதிமன்றத்திலும் ஆகாது. தேசிக்காய் மணக்கச் சொல்லு, இஞ்சித் துண்டு வாயில் வைக்கச் சொல்லு என்று அம்மா சொன்னாள், அதோடு முடிந்தது என்று அவன் கணினிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டான். அம்மாவுக்கு அதோடு முடியவில்லை. மருமகள்மேல் அம்மாவுக்கு உயிர், சொந்த மகளுக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள், நேரே கோயிலுக்குப் போய்ப் பூசைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கோயில் நிரம்பிய சனம், மன்றாட்டு வாசிக்கிறார்கள், ஒலிபெருக்கி வெளியே பனைமரத்தில் கட்டியிருக்கிறது, நாரந்தனையில் பாதிக்குக் கேட்கும், காற்று நன்றாக இருந்தால் மீதிக்கும் கேட்கும், அன்று காற்று நன்றாக இருந்தது. திருச்சபைக்காக, நாட்டின் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக, பிறகு, எமது பங்கைச் சேர்ந்த றஜீபனின் மனைவியும் நெடுந்தீவு பஸ்ரியாம்பிள்ளையின் மகளுமாகிய அஞ்சலா, போட்டுப் பயணத்தில் ஏற்படும் சத்தியிலிருந்தும் கடற்பயத்திலிருந்தும் பூரண விடுதலை பெற வேண்டுமென்று, புனித அந்தோனியார் வழியாக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சனம் முழுவதும் சொன்னது. அதில் கொடுமை என்னவென்றால், பழக்க தோசத்தில் அஞ்சலாவும் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வாங்கில் முக்காட்டோடு நின்று, கேட்டருளும் என்று வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தலைகள் திரும்பின, இரக்கத்தோடுதான் திரும்பின, அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் றஜீபனுக்கு முதுகு கூசுகிறது.

அம்மாவைப் பேசினான், வீட்டுக்கு வந்ததும் பேசினான், கத்தினான் என்றே சொல்லலாம். ஏனம்மா பேரைச் சொன்னனீ, ஒரு ஆள் எண்டு சொல்லியிருக்கலாமே! அம்மா அவனை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “பேர் ஊர் இல்லாமல் மன்றாடினால் அந்தோனியார் எந்த வீடெண்டு தேடுறது?” என்றாள். ஆனால் அவன் பதில் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல, அறைக்குள் அஞ்சலா பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே போய் நின்று என்ன சொன்னான்? மன்னிப்புக் கேட்டானா? நான் உம்மடை பேரைச் சொல்லேல்லைத்தானே என்றான். அவள் பையின் சிப்பை இழுத்த சத்தத்தை இன்னும் அவனால் மறக்க முடியவில்லை. அதே சோழகத்தில் தனியே பஸ் ஏறி, தனியே போட் ஏறிப் போனாள், போட்டில் ரிக்கற் வெட்டுகிற டெனிஸ்ரன்தான் பிறகு சொன்னான், “அண்ணை, அக்கா இருக்கவே இல்லை, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடி வந்தவ. சத்தியும் இல்லை ஒண்டும் இல்லை. கடல்தான் அவவைப் பார்த்துப் பயந்தது” என்று. அதை அம்மா கேட்டாள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்! போய்ச் சேர்ந்த பிறகு அஞ்சலா ஒரேயொரு குரல்செய்தி அனுப்பினாள். “இனி அந்தப் போட்டிலை நான் ஏறினால் எல்லாற்றை கண்ணும் என்ரை வாயிலைதான் நிக்கும். நான் ஏறமாட்டன்.” நெடுந்தீவிலிருந்து நாரந்தனைக்குக் கடலை விட்டால் வேறு வழியில்லை. ஏறமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்றுதான் பொருள்.

“எங்கை தம்பி பயணம்?” ஆழ்வாப்பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டார்.

மாமா வீட்டுக்கு என்றான் றஜீபன். ஓம் ஓம் என்று அவர் நீளமாகச் சொன்னார், அந்த நீளத்தில் பூசை, மன்றாட்டு, பனைமரத்து ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன, இந்துவான அவருக்கே அந்தோனியார்வரை தெரிந்திருந்தால் கத்தோலிக்கர் மட்டும் சும்மா இருந்திருப்பார்களா? “பிள்ளை சோக்காத்தான் இருக்கிறா, நேற்றுக் காலமை கிணத்தடியிலை கண்டனான்” என்றார். பிறகு, “தம்பி, உந்தப் போனை மடியுக்கை வையும். கடல் கரடுமுரடாக் கிடக்கு, எழுத்துப் பாத்தால் தலை சுத்தும்” என்றார். எனக்கோ என்று றஜீபன் சிரித்தான். அவனுக்குக் கடல் ஒன்றும் செய்ததில்லை, சின்ன வயதிலிருந்து எத்தனை பயணம், இந்த விசயத்தில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, சத்தியமாகச் சொன்னால், அஞ்சலா இறால் உடைத்துக்கொண்டு சொன்ன அன்றே அந்தப் பெருமை ஒரு சுற்றுப் பருத்திருந்தது. ஐயோ, இதையும் மன்னிப்பில் சேர்க்க வேண்டுமா? வேண்டாம், இது அவளுக்குத் தெரியாது. தெரியாததை எதற்குச் சொல்வான்?

மீண்டும் நிரல். மடிக்கு அனுப்பிய பொருள், அதன் முகவரி, முகவரியில் மடி என்ற அடையாளம் இருக்கிறது, அது இருக்கும்வரை வெளியே போகவில்லை, இங்கே இல்லை, இந்த வரியில் இல்லை, இந்த வரியிலும்... போட் ஏறியது, இறங்கியது, எழுத்து ஏறியது, அவன் இறங்கினான், காதுக்குப் பின்னால் சில்லென்று வியர்த்தது. பசியாக இருக்கும். காலையில் அம்மா கட்டித் தந்த இடியப்பத்தைத் தின்றானே, தின்றவனுக்குப் பசி இருக்காது, அப்படியென்றால் இது என்ன? வாயில் உப்புத் தண்ணீர் ஊறுகிறது. ஒன்றுமில்லை, அடுத்த வரி. இங்கே ஒரு மாற்று. மடி என்ற அடையாளத்தை நீக்கிவிட்டு, எந்த இடத்தையும் குறிக்கக்கூடிய பொது முகவரியாக மாற்றுகிறது, சாதாரணமாக எல்லோரும் செய்கிற மாற்று, பொது முகவரி என்றால் அவனுடைய படி அதைப் பார்க்காது, ஏனென்றால் அது மடி முகவரி இல்லை, அதில் மடி என்று எழுதியிருக்கவில்லை... எழுதியிருக்கவில்லை... ஆனால் அது காட்டுகிற இடம் எது? அதே இடம்தானே! அடையாளத்தைத்தான் கழற்றினார்கள், இடத்தை மாற்றவில்லையே, அந்தப் பொதுவானது அடுத்த வரியில் ஆயிரம் திரெட்டுக்கும் கையளிக்கப்படுகிறது, இவன் கதவெல்லாம் காவல் நின்றான், அது முக்காட்டைக் கழற்றிவிட்டு இவன் முன்னாலேயே நடந்து போயிருக்கிறது, ஒரு ஆளாக, யாரோ ஒரு ஆளாக...

ஒரு ஆளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாட்டி என்ன செய்யிறது அம்மா.

பேர் இல்லைத்தான். ஆனால் இந்த உலகத்தில் அந்தச் சொல் போய்த் தொடக்கூடிய ஆள் ஒருத்திதானே இருந்தாள், அம்மா பூசணிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே அங்கே போய்ச் சேர்ந்தாளே! பேரைச் சொல்லவில்லை என்று ஒரு கிழமையாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பலமான இடம் காலடியில் அப்படியே கழன்று போனது, போட்டும் அந்த நேரம் பார்த்து ஓர் அலையிலிருந்து கீழே விழுந்தது, எது முதலில் நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழும்பி நிற்க முயன்றான், வாயைத் திறந்தான், காலையில் தின்ற இடியப்பம் ஆழ்வாப்பிள்ளையின் புண்ணாக்கு மூட்டைமேல் வந்து விழுந்தது.

“பிடி பிடி, தலையைப் பிடி!” என்று யாரோ கத்தினார்கள். ஆழ்வாப்பிள்ளைதான் பிடித்தார், மாட்டுக்கு மருந்து பருக்கிற பிடி, கழுத்தும் நெற்றியும் ஒருசேர அகப்பட்டன, அப்படியே தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தார், மிச்சம் கடலுக்குப் போனது, அலை கொஞ்சத்தைத் திருப்பிச் சேட்டுக்கே கொடுத்தது. டெனிஸ்ரன் வாளியோடு ஓடிவந்தான், ஒரு மனுசி தேசிக்காய் நீட்டினாள், இன்னொருத்தி இஞ்சி என்றாள், போட் முழுவதும் அவனையே பார்த்தது, கோழிக்கூட்டுக்குள் இருந்த சேவல்கூடத் தலையைச் சரித்துப் பார்த்தது. “நான் சொன்னனான்” என்று மட்டும் சொன்னார் ஆழ்வாப்பிள்ளை, மூட்டையைத் துடைத்துக்கொண்டு, “பறவாயில்லை, மாடு தின்னும்” என்று சேர்த்துக்கொண்டார். றஜீபன் கண்ணை மூடிக்கொண்டான். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட ஏலாது, துறையில் கயிறு எறிகிறதற்கு முன்னமே கதை கரைக்குப் போய்விடும், அஞ்சலாவின் புருசன், கடலுக்குப் பூசை ஒப்புக்கொடுத்த அந்த வீட்டுக்காரன், தானே சத்தி எடுத்தான் என்று நெடுந்தீவு முழுக்கச் சிரிக்கும், நாளைக்கு நாரந்தனை சிரிக்கும், அம்மா அடுத்த ஞாயிறு... ஐயோ, அம்மா! அடுத்த ஞாயிறு அம்மா!

கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தபோது தலைவிக்கு எழுதினான், பிழை பிடிபட்டது, அடையாளத்தை நீக்கினாலும் அது காட்டுகிற இடம் மாறாது, நான் அதைப் பின்தொடரவில்லை, திருத்தம் பின்னேரத்துக்குள் வரும் என்று. சிரித்த முகம் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் துள்ளியிருப்பான், இப்போது துள்ளினால் இன்னொரு வாளி தேவைப்படும். துள்ளவும் மனமில்லை. சொல்வதற்கு என்று வைத்திருந்த ஒரேயொரு வசனமும் கையிலிருந்து போய்விட்டது, அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை, மாவிலித்துறை கண்ணுக்குத் தெரிகிறது, வெள்ளைக் கல்லும் வெறும் வானமும், அதில் நீலச் சட்டையோடு யாரோ நிற்கிறார்கள், யாரோ ஒரு ஆள் என்று நினைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். அஞ்சலா.

வருகிறேன் என்று எழுதியதற்கு அவள் பதில் போடவில்லை, ஆனால் வந்திருக்கிறாள். தண்ணீர்ப் பக்கம் வராமல் மதிலோடு ஒட்டி நின்றாள். அவன் படியேறி வந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனைத் தாண்டி, பின்னால் மூட்டையைச் சுமந்து வந்த ஆழ்வாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். “ஐயா, கடல் எப்பிடி?” என்று கேட்டாள். சும்மா கேட்கவில்லை. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும், காலில் வெளியே போகிற செருப்பு, தோளில் அந்தப் பை. கடல் அமைதி என்றால் அவளுடைய வாயைப் பார்க்கிற கண்களுக்கு வேலையில்லை, பின்னேரம் ஏறுவாள். வந்திருக்கிறாள், வரத் தயாராக வந்திருக்கிறாள், ஒரு சொல்லில் நிற்கிறது எல்லாம்.

“கடலுக்கு என்ன பிள்ளை, கொஞ்சம் தாலாட்டினது” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “உம்மடை மனுசன் கல்லு மாதிரி இருந்து வந்தவர், போன் பாத்துக்கொண்டு.”

றஜீபன் திரும்பிப் பார்த்தான். கிழவரின் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. “சேட் ஏன் நனைஞ்சிருக்கு?” என்று கேட்டாள் அஞ்சலா. “அலை அடிச்சதக்கா, எனக்கும் அடிச்சது” என்றான் டெனிஸ்ரன், காய்ந்த சேட்டோடு நின்றுகொண்டு. தேசிக்காய் கொடுத்த மனுசி ஒரு வார்த்தை பேசாமல் போனாள், இஞ்சிக்காரி பேசாமல் போனாள், கோழிக்கூட்டைத் தூக்கினவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனான். ஒருவரிடமும் அவன் கேட்கவில்லை, சொல்லாதேங்கோ என்று ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை, இந்தச் சனத்துக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு போட் நிறைந்த ஆட்கள் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள், தனியொருவனான இவனால் ஒரு சின்னச் சொல்லை வைத்திருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, சத்தி எடுத்தபோது வந்த வெட்கம் இதற்குப் பக்கத்தில் வராது. சரி, இப்போது என்ன செய்வது? தலையை ஆட்டினால் போதும். கடல் நல்லது என்று அவள் நம்பிவிடுவாள், பின்னேரம் அவனோடு ஏறுவாள், ஏறி நடுக்கடலில்... பிறகு போட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும், இவனுடைய மனுசிக்கு மட்டும். சொன்னால்? கடல் பொல்லாதது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள், இவன் தனியே அதே போட்டில் அதே கடலில் திரும்ப வேண்டும். தலையை ஆட்டு, ஆட்டு என்று கழுத்து சொன்னது. கழுத்தும் நல்லதுக்குத்தான் சொன்னது.

சனம் தள்ளிப் போகும்வரை நின்றான். பிறகு கிட்டப் போய், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், “கடல் சரியான மோசம், அஞ்சலா. நான் சத்தி எடுத்தனான்” என்றான். “ஆழ்வாப்பிள்ளை ஐயாவின்ரை புண்ணாக்கிலை.”

அவள் அவனை இப்போதுதான் பார்த்தாள். கண், காது, நனைந்த சேட், முழங்கால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, அல்லது வந்து உள்ளேயே நின்றுவிட்டது. பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“பயப்பிடாதேங்கோ,” என்றாள். “மாமிக்குச் சொல்லமாட்டன்.”

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள், மதில்களுக்கு நடுவே போகிற பாதையில், பின்னேர போட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டாளா, குத்திவிட்டாளா? இரண்டும் இருக்குமோ? பின்னால் போய்க்கொண்டே றஜீபன் தன் நெஞ்சில் ஏதோ புதிதாக அடித்துக்கொள்வதைக் கவனித்தான், முதலில் சத்தியின் மிச்சம் என்று நினைத்தான், இல்லை, அது பயம். அவள் நினைத்தால் சொல்லலாம். கோபத்தில் சொல்லலாம், பாசத்தில் சொல்லலாம், நல்லதுக்கென்று நினைத்துப் பேரைச் சொல்லாமலும் சொல்லலாம், அவள் வாயைத் திறக்கும்வரை இவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இந்தப் பயத்தையா அவள் இறால் உடைத்த அன்றிலிருந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு இவனுக்குச் சமைத்துப் போட்டாள், பக்கத்தில் படுத்தாள், சிரித்தாள்? இவ்வளவு பாரமா இது? கேட்கக் கூடாது என்று தெரியும், கேட்டால் மானம் போகும் என்றும் தெரியும், ஆனாலும் கால் எட்டிவைத்து அவளுக்குப் பக்கத்தில் போனபோது வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

“உண்மையாச் சொல்லமாட்டீர்தானே?”